நீலி ஜீலுக்கு ஒரு சுற்று: மந்திர் மார்க்கிலிருந்து பட்டி சுரங்கம் வரை

மந்திர் மார்க்கில் பஸ்ஸுக்கு நிற்கும் யாரும் மலையைத் தேடுவதில்லை. பிர்லா மந்திர், காளி பாரி, தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி, கொஞ்சம் தள்ளி காந்தி 1946-47ல் மாதக்கணக்கில் தங்கியிருந்த வால்மீகி கோயில் என்று பார்ப்பதற்கு வேறு நிறைய இருக்கிறது. ஆனால் ஒரு நாள் பிர்லா மந்திருக்குள் போய், சுவாமி தரிசனம் முடித்து, பின்பக்கத் தோட்டத்துக்கு வாருங்கள். தோட்டம் முடியும் இடத்தில் தரை மேலேறுவது தெரியும். அந்த மேடுதான் ஆரவல்லி. குஜராத்தில் தொடங்கி ராஜஸ்தான் முழுக்க நடந்துவரும் மலைத்தொடர், தில்லிக்குள் நுழையும்போது வயதாகிக் குறுகி, மலை என்று சொல்லக் கூச்சப்படும் உயரத்துக்கு வந்துவிடுகிறது. தில்லிவாசிகள் அதை ரிட்ஜ் என்கிறார்கள். நாமும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம்.

தில்லி ரிட்ஜை நான்கு துண்டுகளாகக் கணக்கிடுவார்கள். பல்கலைக்கழகத்தை ஒட்டிய வட ரிட்ஜ் 87 ஹெக்டேர். மந்திர் மார்க்குக்குப் பின்னால் இருக்கும் மத்திய ரிட்ஜ் 864. மெஹ்ரௌலிப் பக்கம் 626. மிச்சமெல்லாம், ஏறக்குறைய 6,200 ஹெக்டேர், நகரத்தின் தெற்கு எல்லையில் கிடக்கிறது. இந்த அத்தியாயம் அந்தத் தெற்குத் துண்டைப் பற்றியது. புறப்படுவதும் வந்து சேர்வதும் மந்திர் மார்க். போகும் வழி ஒன்று, திரும்பும் வழி வேறொன்று. நடுவில் பழைய சுரங்கக் குழிகளும், அவற்றில் ஒன்றில் தேங்கிய நீல ஏரியும்.

எதற்கு இவ்வளவு தூரம், பின்னாலேயே ரிட்ஜ் இருக்கிறதே என்று கேட்கலாம். மத்திய ரிட்ஜில் நடக்க இடமுண்டு. ஆனால் காட்டின் உட்பகுதியில் தனியாக நடப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். தவிரவும், ரிட்ஜுக்கு இந்த நகரம் என்ன செய்தது என்பதை வெட்டுமுகமாகப் பார்க்கத் தெற்கேதான் போகவேண்டும்.

போகும் வழி

ராமகிருஷ்ணா ஆசிரம மார்க் மெட்ரோ நிலையம் மந்திர் மார்க்கிலிருந்து நடக்கக்கூடிய தூரம்தான். சோம்பலாக இருந்தால் ஈ-ரிக்‌ஷா. நீல வழித்தடத்தில் ஏறி ராஜீவ் சௌக், பாராகம்பா தாண்டி மண்டி ஹவுஸில் இறங்கி ஊதா வழித்தடத்துக்கு மாறுங்கள். கோவிந்த்புரியில் இறங்கி ஆட்டோ பிடித்து, 'கர்ணி சிங் ஷூட்டிங் ரேஞ்ச்' என்று சொல்லுங்கள். 'அசோலா சரணாலயம்' என்று சொன்னால் பாதி ஆட்டோக்காரர்கள் விழிப்பார்கள். மீதிப் பாதி வேறெங்காவது கொண்டுபோய் விடுவார்கள். துப்பாக்கி சுடும் மைதானம் எல்லாருக்கும் தெரியும். சரணாலயத்தின் நுழைவாயில் அதையொட்டித்தான்.

ஆட்டோ மெஹ்ரௌலி-பதர்பூர் சாலைக்கு வந்ததும், நேரமிருந்தால் துக்ளகாபாத் கோட்டை வாசலில் பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். 1321 வாக்கில் கியாசுத்தீன் துக்ளக் கட்டத் தொடங்கிய கோட்டை. உள்ளே போகவேண்டாம், அதற்குத் தனி நாள் வேண்டும். வெளிச்சுவரின் கல்லை மட்டும் பாருங்கள். சாம்பலும் கருஞ்சிவப்பும் கலந்த, சுத்தியலுக்கு எளிதில் மசியாத குவார்ட்ஸைட். இதே ரிட்ஜின் கல். இன்னும் ஒரு மணி நேரத்தில் இதே கல்லைக் குழிச்சுவரில் பார்க்கப்போகிறீர்கள்.

பதர்பூர் என்ற பெயரையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தில்லியில் வீடு கட்டிய எந்தக் குடும்பத்திலும் அது ஊர்ப் பெயர் இல்லை, மணலின் பெயர். எண்பதுகளில் என் அப்பா ஜனக்புரியில் முதல் மாடி எடுத்தபோது, மேஸ்திரி காலையில் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "பாபுஜி, பதர்பூர் வந்துவிட்டதா?" என்பதுதான். வாசலில் லாரி கவிழ்த்துவிட்டுப் போன செங்குவியலில் நாங்கள் குழி தோண்டி விளையாடுவோம். யமுனை மணல் நைசாக இருக்கும், பூச்சுக்கு ஆகும். பதர்பூர் கொரகொரப்பு, கான்கிரீட்டுக்கும் தரைக்கும். இந்த வித்தியாசம் அம்மாவுக்கே அத்துப்படி. ஆனால் அந்த மணல் எங்கிருந்து வருகிறது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

சரணாலயம்

அசோலா பட்டி வனவிலங்குச் சரணாலயம் 32.71 சதுர கிலோமீட்டர். பட்டி என்றதும் உசிலம்பட்டி ஞாபகம் வரும். ஒற்றுமை காதளவில்தான், இது ஒரு பழைய கிராமத்தின் பெயர். 1986ல் அசோலா, ஷாஹூர்பூர், மைதான் கடி கிராமங்களின் நிலம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அப்போது பக்கத்திலேயே பட்டியில் சுரங்க வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் மானுக்குக் காவல், மறுபக்கம் லாரி வரிசை. 1990ல் குழிச்சுவர் சரிந்து கூலித் தொழிலாளர்கள் மாண்டார்கள். அதன்பின் சுரங்கம் மூடப்பட்டு, 1991ல் பட்டி நிலமும் சரணாலயத்தோடு சேர்ந்தது. அன்றுமுதல் காடு குழிகளுக்குள் இறங்கத் தொடங்கியது என்று சொல்லலாம். ஆனால் அது தானாக இறங்கவில்லை. 2000ல் ராணுவத்தின் பிராந்தியப் படையில் சூழல் பணிக்கென்றே 132-ஆம் பட்டாலியன் அமைக்கப்பட்டது. சீருடை அணிந்தவர்கள் இந்தக் குழிகளிலும் மேடுகளிலும் வருடக்கணக்கில் மரம் நட்டார்கள்.

உள்ளே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நடத்தும் இயற்கைக் கல்வி மையம் இருக்கிறது. முதல்முறை வருபவர்கள் அவர்கள் நடத்தும் நடைகளில் ஒன்றில் பெயர் கொடுத்துச் சேர்ந்துகொள்வதே உத்தமம். காரணங்கள் மூன்று. எந்தத் தடம் திறந்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். சிறுத்தைகள் இங்கே உண்டு, கேமராக்களில் பதிவாகியிருக்கின்றன. கூட்டமாக நடப்பது நல்லது. மூன்றாவது, தனியாக நடந்தால் பத்துப் பூச்சி பார்ப்பீர்கள், அவர்களோடு நடந்தால் எழுபது. நேரமும் கட்டணமும் மாறிக்கொண்டே இருப்பவை. முந்தின நாளே விசாரித்துவிடுங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

எப்போது போகலாம்

எல்லா வழிகாட்டி நூல்களும் அக்டோபர் முதல் மார்ச் வரை என்று எழுதிவைத்திருக்கின்றன. எழுதியவர்கள் தில்லியின் நவம்பர் காற்றைச் சுவாசித்ததில்லை போலிருக்கிறது. தீபாவளி முடிந்து இரண்டு மூன்று வாரங்களுக்குக் குன்றின் மேலேறி மூச்சு வாங்குவது உடம்புக்குச் செய்யும் துரோகம். ஜனவரியில் பனிமூட்டம், ஏரிக்கரையில் நின்றாலும் ஏரி தெரியாது. என் ஓட்டு இரண்டு காலங்களுக்கு. செப்டம்பர் பின்பாதி: மழை ஓய்ந்து, குழிகளில் நீர் நிறைந்து, பட்டாம்பூச்சிகள் மொய்க்கும் சமயம். வியர்க்கும், பரவாயில்லை. அடுத்தது பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் நடு வரை: இலை உதிர்ந்திருப்பதால் பாறையின் எலும்புக்கூடு நன்றாகத் தெரியும், புரசு பூக்கத் தொடங்கியிருக்கும். ஏப்ரல் வந்துவிட்டால் ஆசையை விடுங்கள்.

என்ன எடுத்துப்போவது

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர்; உள்ளே கடை கிடையாது. தடித்த அடியுள்ள ஷூ. இதில் சமரசமே வேண்டாம், ஏனென்றால் இங்கே தரையெல்லாம் சீமைக்கருவேல முள். ஹவாய் செருப்பை அது காகிதம்போலக் குத்திக்கொண்டு வரும். ராமநாதபுரத்துக்காரர்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை.

சாப்பாட்டு விஷயம் தனி. 2007ல் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் தில்லித் தெருக்களில் பிடித்த குரங்குகளை இங்கேதான் கொண்டுவந்து விடத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்திருக்கின்றன. நகரத்தில் வளர்ந்த குரங்குகள், பையின் ஜிப் எந்தப் பக்கம் திறக்கும் என்று அறிந்தவை. தயிர்சாத டப்பாவை ஏரிக்கரையில் திறக்கும் கனவு வேண்டாம். வாசலுக்கு வெளியே சாப்பிட்டுவிட்டு உள்ளே போங்கள், அல்லது பசியோடு வெளியே வாருங்கள். ஒருமுறை என் சித்தி முறுக்குப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். முறுக்கும் போயிற்று, முந்தானையும் கிழிந்தது. குரங்கு நெருங்கினால் கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், ஓடாதீர்கள்.

நடை

நுழைவாயிலுக்கு அருகிலேயே பட்டாம்பூச்சிகளுக்காக வளர்த்த செடிகளும் மண்பாதையும் இருக்கின்றன. குழந்தைகளோடு வந்தவர்கள் அங்கேயே காலையைக் கழித்துவிட்டுத் திரும்பினாலும் நஷ்டமில்லை. ஏரிக்குப் போக வேண்டியவர்கள் பட்டித் திசையில் தெற்கே போகவேண்டும். அது கூப்பிடு தூரமல்ல. போய்வர அரை நாள் ஒதுக்குங்கள். வனத்துறை வண்டி கிடைத்தால் ஒரு பக்கத்துக்கு மட்டும் ஏறிக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் வண்டியில் போனால் கீழே சொல்லப்போகிற எதுவும் கண்ணில் படாது.

முதல் மைல் ஏமாற்றும். இருபுறமும் ஒரே மரம், ஒரே உயரம், ஒரே சாம்பல் பச்சை: சீமைக்கருவேலம். இங்கே அதற்கு விலாயதி கீகர் என்று பெயர், வெளிநாட்டுக் கருவேலம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுத் தலைநகருக்குப் பச்சைப் பின்புலம் வேண்டுமென்று ஆங்கிலேயர் ரிட்ஜில் நட்டது; பிறகு அது யாரையும் கேட்கவில்லை. நடுநடுவே நம்மூர் முகங்கள் தெரியும்: இலந்தை, வெள்வேலம், கருவேலம், உகாய், கொன்றை. ஆரவல்லிக்கே உரிய மரம் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், கிளைகள் தொங்கித் தழையும், சிற்றிலை கொண்ட தௌ மரத்தைத் தேடுங்கள். தௌ கூட்டமாக நிற்கும் இடம் பெரும்பாலும் வெட்டுப்படாத பாறை. கீகர் மட்டுமே அடர்ந்த மேடு என்றால் சந்தேகப்படுங்கள். காலால் லேசாக உதைத்துப் பாருங்கள், கல்லும் மண்ணும் கலந்து பொலபொலவென்று உதிர்ந்தால் அது குன்றில்லை. குழியிலிருந்து அள்ளி வெளியே கொட்டிய கழிவு மண், மேலே மரம் முளைத்துக் குன்று வேடம் போட்டிருக்கிறது.

இந்த ஒரு வித்தை பழகிவிட்டால் நடையே மாறிவிடும். எது இயற்கை மேடு, எது மனிதன் குவித்தது, எந்தப் பாதை லாரி ஏறி இறங்கிய சரிவு என்று பிரித்துப் பார்த்துக்கொண்டே போகலாம். லாரிச் சரிவுகள் அகலமாக, ஒரே சீரான சாய்வில் வளைந்து கீழிறங்கும். மாடும் மனிதரும் நடந்து உண்டான பாதை அப்படிச் சீராக இருக்காது.

பிறகு குழிகள் வருகின்றன. முதல் குழியின் விளிம்புக்கு வந்ததும் எல்லாருக்கும் பேச்சு நின்றுபோகும். விளிம்பிலிருந்து பத்தடி தள்ளியே நில்லுங்கள். மேல் மண் கெட்டியாகத் தெரியும், அடியில் அரித்துக் குடைந்திருக்கும். எதிர்ச்சுவரைப் பாருங்கள். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கடல் மணல் இறுகிக் கல்லாகி, சாய்ந்து, மடிந்து, அடுக்கடுக்காக நிற்கிறது. சில அடுக்குகள் துக்ளகாபாத் சுவர்போலக் கெட்டி. சில அடுக்குகள் வெயிலிலும் நீரிலும் நைந்து, இடித்தால் மறுபடி மணலாக உதிரும் நிலையில் இருக்கின்றன. இரும்புத்துரு ஏறியதால் சிவப்பு. அதுதான் பதர்பூர். ஆற்று மணல்போல அடித்துவந்து சேர்ந்ததல்ல, மலையே இருந்த இடத்தில் உளுத்து மணலானது. அங்கங்கே மைக்கா மினுக்கும். வெள்ளைத் திட்டு தெரிந்தால், அது பாறை சிதைந்து உண்டான களிமண்ணாக இருக்கலாம். கல்லையோ மணலையோ எடுத்துவர அனுமதி இல்லை. தொட்டுப் பார்த்துவிட்டுப் போட்டுவிடுங்கள்.

இந்தக் குழிகளை வெட்டியவர்களில் பெரும்பாலோர் ஓட் சமூகத்தினர். மண் தோண்டுவதும் கிணறு வெட்டுவதும் குலத்தொழில். பிரிவினையின்போது எல்லை தாண்டி வந்தவர்களின் வழி. தங்களைப் பகீரதன் பரம்பரை என்று சொல்லிக்கொள்வார்கள். ஒரு கிணற்றில் இரண்டாம் முறை நீர் அருந்துவதில்லை, தினம் ஒரு புதுக்கிணறு என்று அவர்கள் முன்னோர் சபதம் செய்ததாகக் கதை உண்டு. நம்மூர்ப் போயர்களிடம் பேசியவர்களுக்கு இந்தத் தொனி பழக்கமானது. பட்டியில் அவர்கள் குடியிருப்பு ஒன்றுக்கே பகீரத் நகர் என்று பெயர். சுரங்கம் மூடியதும் வேலை போயிற்று. காடு என்று அறிவித்ததும் வீடும் சட்டத்தின் கேள்விக்குறிக்குள் வந்தது. பாதையில் அந்தப் பக்கத்துப் பெரியவர் யாரையாவது சந்தித்தால், ராம் ராம் சொல்லி, 'கதான்' எப்படி இருந்தது என்று கேளுங்கள். கதான் என்றால் சுரங்கம். எந்தக் குழியில் எத்தனை ஆள் இறங்கினார்கள், லாரி எங்கே நின்றது என்று விரலால் காட்டுவார்கள். அறிவிப்புப் பலகைகளில் இதெல்லாம் கிடையாது.

ஏரி

நீலி ஜீல் என்றால் நீல ஏரி, அவ்வளவுதான். ஏரி என்று சொல்வதே மரியாதைக்காக. கரை இல்லை, கலிங்கு இல்லை, மதகு இல்லை, அதை நம்பி ஒரு வயலும் இல்லை. தோண்டிக்கொண்டே போன குழி ஒரு நாள் நிலத்தடி நீரைத் தொட்டுவிட, நீர் ஊறி நின்றது. மழை அதற்கு மேல் சேர்கிறது. ஆழமும் தெளிவும் சேர்ந்து நீலம் கொடுக்கின்றன. மழைக்காலத்தில் சேறு கரைந்தால் பச்சைக்கு மாறும். சமீப வருடங்களில் நீரை இறைத்து மேலேற்றிக் கொட்டும் செயற்கை அருவிகளும் வைத்தார்கள். எனக்கு அவை பிடிக்கவில்லை. நின்ற நீரின் அமைதிதான் இங்கே விசேஷம். அருவி பார்க்கக் குற்றாலம் இருக்கிறது.

கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று காலை நனைக்க இறங்காதீர்கள். இது எச்சரிக்கைக்காக எழுதும் எச்சரிக்கை அல்ல. குளத்தில் படிப்படியாக ஆழம் கூடும். இங்கே விளிம்பிலிருந்து ஒரே அடியில் பாதாளம். பிடித்து ஏறச் செங்குத்துச் சுவர், அதிலும் உதிரும் கல். மேல் நீர் வெதுவெதுப்பாக இருந்தாலும் கீழே போகப்போகக் குளிர்ந்து தசை பிடித்துக்கொள்ளும். எல்லைக்கு அப்பால் ஃபரீதாபாத் பக்கத்துச் சுரங்க ஏரிகளில் நீச்சல் தெரிந்த இளைஞர்களே மூழ்கியிருக்கிறார்கள்.

ஒதுங்கி உட்கார்ந்தால் அரை மணியில் முக்குளிப்பானும் நீர்க்காகமும் தென்படலாம். கௌதாரியின் கத்தல் மேட்டிலிருந்து கேட்கும். கரையோரச் சேற்றில் நீல்காய் குளம்பு, நரியின் பாதம், முள்ளம்பன்றி முள் என்று தேடலாம். கழுதைப்புலியும் உண்டு, பகலில் பார்த்தால் அதிர்ஷ்டம்.

இங்கே உட்கார்ந்து எண்ணிப் பார்க்க ஒரு கணக்கு. இங்கிருந்து சில கிலோமீட்டரில் ஃபரீதாபாதின் பட்கல் ஏரி. படகு விட்டார்கள், ஞாயிறுகளில் தில்லித் தமிழ்க் குடும்பங்கள் புளியோதரை கட்டிக்கொண்டு போன இடம். புத்தாயிரத்தின் முதல் பத்தாண்டில் அது வறண்டு மாடு மேயும் தரையானது. சுற்றுவட்டாரச் சுரங்கங்கள் நீரோட்டத்தை அறுத்ததும் நிலத்தடி நீர் இறங்கியதும் முக்கியக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. 2002ல் உச்ச நீதிமன்றம் ஹரியானாவின் இந்தப் பகுதி ஆரவல்லியில் சுரங்கத்துக்குத் தடை போட்டது; 2009ல் தடை இன்னும் இறுகியது. கட்டிய ஏரி காய்ந்தது, வெட்டிய குழி ஏரியானது. சென்னைக்காரர்களுக்கு இதில் வேறொரு நினைவு வரும்: 2017 வறட்சியில் மாங்காடு பக்கத்துச் சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கிய நீரைச் சுத்திகரித்துத்தான் நகரம் குடித்தது.

திரும்பும் வழி

ஏரியிலிருந்து வந்த தடத்திலேயே திரும்பாமல் வேறு தடம் திறந்திருக்கிறதா என்று உடன் வருபவரிடம் கேளுங்கள். இருந்தால் மேட்டுத் தடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஓரிடத்தில் வடக்கே மரத்தலைகளுக்கு மேல் நகரம் விரியும். சங்கம் விஹாரின் செங்கல் வீடுகள் காட்டின் விளிம்பு வரை முட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கூரைகளிலும் சுவர்களிலும் பதர்பூர் எவ்வளவு என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும். மாலை மங்குமுன் வாசலைத் தாண்டிவிடுங்கள். சிறுத்தை வேலைக்குக் கிளம்பும் நேரம் அது.

மந்திர் மார்க்குக்குத் திரும்பக் கோவிந்த்புரி வேண்டாம். மெஹ்ரௌலி-பதர்பூர் சாலையிலேயே மேற்கே, கான்பூர் தாண்டி சாகேத் மெட்ரோவுக்கு ஆட்டோ பேசுங்கள். மஞ்சள் வழித்தடம் நேரே ராஜீவ் சௌக் கொண்டுவந்து விடும். அங்கிருந்து நீலத்தில் ஒரே நிலையம், ராமகிருஷ்ணா ஆசிரம மார்க். சங்கம் விஹார் நெரிசலில் சிக்கினால் ஒரு மணி நேரம் கூடுதலாகும். மாலை ஆறு மணிக்கு அந்தச் சாலையில் நிற்பதைவிட மதியம் இரண்டுக்கே நடையை முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

வீட்டு வாசலிலேயே ஷூவைக் கழற்றி, அடிப்பாகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். முறிந்த கீகர் முள் ரப்பருக்குள் புதைந்து, வெளியே புள்ளிபோல மட்டும் தெரியும். விட்டுவிட்டால் அடுத்த வாரம் ஆபீஸ் படிக்கட்டில் காலைப் பதம் பார்க்கும். ஊக்கால் நெம்ப வராது; சின்னக் குறடு வேண்டும்.